வாசல் சுவரில் ஒரு பிளக் பாயிண்ட்

போன வருடம் ஐப்பசி மழையின்போது நடந்தது இது. ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிக்குப் பின்பக்கம் ஒரு சந்தில் நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். நான், என் கணவர், பள்ளிக்கூடம் போகும் ஒரே மகள். அவர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் வடக்கே எங்கேயாவது இருப்பார். நான் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். பேக்கிங் பிரிவில் தரம் பார்ப்பது என் பொறுப்பு.

சின்ன வயதில் வந்த போலியோவால் என் இடது கால் ஒத்துழைக்காது. காலில் இரும்புப் பட்டை வைத்த காலிப்பர், கையில் ஊன்றுகோல். ஆனால் பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்துவிட்டால் நான் வேறு ஆள். ராஜபாளையம் ரோட்டில் என்னை முந்திப் போக டவுன் பஸ் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பழைய பெட்ரோல் வண்டியில் எனக்கு ஒரே ஒரு கஷ்டம்தான், பெட்ரோல் பங்க். டேங்க் மூடி சீட்டுக்கு அடியில் இருக்கும். ஒவ்வொரு முறையும் நான் இறங்க வேண்டும், ஊன்றுகோலை எடுக்க வேண்டும், சீட்டைத் தூக்கவேண்டும், திரும்ப ஏற வேண்டும். அதற்குள் பின்னால் நிற்கிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். பிறகு என் காலைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். ஹாரன் அடிப்பதைவிட அப்படி நிறுத்துவதுதான் எனக்கு வலிக்கும். அதனால், வீட்டு வாசலிலேயே சார்ஜ் போட்டுக்கொள்ளும் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வந்தபோது, இது எனக்காகவே செய்தது என்று நினைத்துக்கொண்டேன்.

என் கணவர் போனில் ஒன்றுதான் கேட்டார். "சார்ஜ் எங்க போடுவ?"

அதை நான் அவ்வளவு பெரிய விஷயமாக நினைக்கவில்லை. ராஜபாளையத்து ஷோரூமில் விசாரித்தபோதுதான் அதிலும் பல வகை இருப்பது தெரிந்தது. பேட்டரியைத் தனியாகக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் சார்ஜ் போடும் வண்டி ஒன்று காட்டினார்கள். தூக்கிப் பார்த்தேன். ஒரு கையில் ஊன்றுகோலும் மறு கையில் அந்தப் பேட்டரியுமாக எங்கள் வீட்டுப் படிகளில் ஏறுவது நடக்காத காரியம். வண்டியோடு சேர்ந்த பேட்டரி என்றால், வண்டி நிற்கும் இடத்தில் பதினைந்து ஆம்ப்ஸ் பிளக் பாயிண்ட் வேண்டும், கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த் சரியாக இருக்க வேண்டும். வண்டிக் கம்பெனியே வந்து சுவரில் சார்ஜர் பெட்டி மாட்டித் தருவதும் உண்டு, ஆனால் அதன் விலையைக் கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டேன். ஸ்கூட்டருக்குத் தனி மீட்டர் எல்லாம் தேவையில்லை, வீட்டு மீட்டரிலிருந்தே ஒரு தனி லைன் இழுத்தால் போதும், வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள்.

அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்து வீட்டுக்காரருக்கு போன் செய்தேன்.

அவர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சுந்தரபாண்டியத்தில் விவசாயம் பார்க்கிறார். நாங்கள் குடி வந்த நாளிலிருந்து அவர் இந்த வீட்டுப் படி ஏறி நான் பார்த்ததில்லை. சாவியைக் கொடுத்தது புரோக்கர். வாடகை பேங்கில் போய்விடும். எப்போதாவது வந்தாலும் தெருவில் நின்றே இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போய்விடுவார். கொஞ்சம் கெத்தான மனிதர் என்று நினைத்திருந்தேன்.

நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு, "வாசல்ல கரண்டு வேலை மட்டும் வேண்டாம்மா. வீட்டுக்குள்ள என்ன வேணும்னாலும் செஞ்சுக்கோ" என்றார். வண்டியைப் படியேற்றி உள்ளே கொண்டுபோக முடியாதே என்றேன். செலவு முழுக்க என்னுடையது என்றும் சொன்னேன். "செலவுக்குச் சொல்லலம்மா. வேண்டாம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. வேறு வழி தேடினேன். நான் வேலை பார்க்கும் கம்பெனியில் கேட்டேன். பஞ்சு அடுக்கிய ஷெட்டுக்குப் பக்கத்தில் சார்ஜ் போட விட மாட்டோம் என்றார் சூப்பர்வைசர். அவரைக் குறை சொல்ல முடியாது, ஒரு பொறி பட்டால் என்ன ஆகும் என்பது அங்கே வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். மதுரை ரோட்டில் ஒரு ஓட்டல் வாசலில் பொது சார்ஜர் இருந்தது, அது கார்களுக்கானது. என் வண்டியின் பிளக் அதில் சேரவில்லை. கணவர் வண்டியே வேண்டாம், அட்வான்ஸ் போனால் போகட்டும் என்றார். எனக்கு மனம் வரவில்லை.

பக்கச் சக்கரம் மாட்டி வண்டி வந்தது. நான் என்ன செய்தேன் என்றால், முன்னறை ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் வயரை வெளியே விட்டு, படிக்குக் கீழே நின்ற வண்டிக்கு சார்ஜ் போட்டேன். தினமும் சாயங்காலம் வந்ததும் போட்டுவிட்டு, தூங்கப் போகும் முன் எடுத்துவிடுவேன். நன்றாகத்தான் ஓடியது. கோபம் இருந்ததால் வீட்டுக்காரருக்கு இதைச் சொல்லவும் இல்லை.

ஒரு சாயங்காலம் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. பிளாஸ்டிக் கருகும் நெடி வந்து எட்டிப் பார்த்தால், படியில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒரு பக்கம் இளகிப் பழுப்பாகக் கிடந்தது. ட்யூஷன் முடிந்து வந்த என் மகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு நனைந்த படியில் நின்றுகொண்டிருந்தாள். அவள் காலுக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவில் ஒரு படிதான் இருந்தது. அசையாமல் அப்படியே நில் என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே போய் மெயினை அணைத்தேன். அந்தச் சில அடி தூரம் நடந்தது எனக்கு இன்றும் கனவில் வருகிறது. இருட்டில் அவளைக் கட்டிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவளுக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. பசிக்கிறது என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பேட்டரியில் மிச்சம் இருந்த சார்ஜ் போய்வரப் போதும் என்று தெரிந்துகொண்டு, மகளைப் பின்னால் உட்கார வைத்து சுந்தரபாண்டியம் போனேன். வீட்டுக்காரரை நேரில் பார்த்துப் பேசியே தீர்வது என்று முடிவு செய்திருந்தேன். வழியெல்லாம் என்ன பேச வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கொஞ்சம் சூடாகத்தான் பேசுவதாக இருந்தேன்.

அவர் வயலுக்குப் போயிருந்தார். அவர் மனைவியை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். மெலிந்த உடம்பு, மெல்லிய குரல். என்னைப் பிடித்து உட்கார வைத்தார், மகளுக்கு முறுக்கு கொடுத்தார். செத்த நேரம் இரு தாயி, வந்துருவாக என்றார். சுற்றி வளைக்காமல் வந்த காரியத்தைச் சொன்னேன். வாசலில் ஒரு பிளக் பாயிண்ட், அவ்வளவுதான், அதற்கு ஏன் அய்யா இப்படி மறுக்கிறார் என்று கேட்டேன்.

என் மகள் முற்றத்தில் கோழியை விரட்டிக்கொண்டு தூரமாகப் போகும்வரை அந்த அம்மா காத்திருந்தார்.

"எங்களுக்கு ஒரு பொண்ணு இருந்தா தாயி. அந்த வீட்டுலதான் இருந்தோம்."

அவர்கள் மகள் காலேஜில் படித்துக்கொண்டிருந்தாளாம். அப்போது தெருக்குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வரும். அதனால் சந்தில் எல்லா வீட்டிலும் சின்ன மோட்டார் ஒன்றைக் குழாயில் மாட்டி இழுப்பார்கள். இவர்கள் வீட்டில் வாசல் பக்கம் பிளக் கிடையாது. ஜன்னல் வழியாக வயர் விட்டு மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்திருக்கிறார்கள். ஒரு நாள் காலையில் தண்ணீர் வந்ததும் அந்தப் பெண் ஓடிப்போய் மோட்டாரைப் பிடித்து நகர்த்தியிருக்கிறாள். வாசலெல்லாம் ஈரம். வீட்டில் எர்த் இல்லை.

"அந்த வயரை இழுத்துக் குடுத்தது அவியதான்" என்றார் அந்த அம்மா, கணவரைக் குறிப்பிட்டு. "லீவுல வந்திருந்தாக. எம்பொண்ணு கஷ்டப்படுதேன்னு ஆசையா செஞ்சு குடுத்தாக. அதுக்குப் பொறவு அவிய ஒரு சுவிட்சைத் தொட்டு நான் பாத்ததில்ல. வயல் மோட்டாரைக்கூட வேலைக்கு வாரவங்கதான் போட்டு விடுதாங்க."

அதே ஜன்னல். சூடாகப் பேசுவதற்காகத் தயார் செய்து கொண்டுவந்த வார்த்தைகளை அங்கேயே விட்டுவிட்டேன். அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் அழவில்லை, என் கையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

கிளம்பலாம் என்று எழுந்தபோது அவர் வந்துவிட்டார். மண்வெட்டியைச் சாத்திவிட்டு, வாசலில் நின்ற புது வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் அய்யா என்றேன். அவர் வண்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், "இதுக்கு இப்ப எப்படிக் கரண்டு குடுக்க?" என்று கேட்டார்.

பொய் சொல்ல முடியவில்லை. இருந்ததைச் சொன்னேன். பெட்டி கருகியதையும், என் மகள் ஈரப் படியில் நின்றதையும் சொன்னேன். இனிமேல் செய்ய மாட்டேன், வயரைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்றும் சொன்னேன்.

"ஜன்னல் வழியாவா?" என்று மட்டும் கேட்டார். கால் கழுவுகிறேன் என்று கொல்லைப் பக்கம் போனவர் நாங்கள் கிளம்பும்வரை திரும்பி வரவில்லை. அந்த அம்மாதான் ஒரு பை நிறையக் கத்தரிக்காய் கொடுத்து வழியனுப்பினார்.

அதற்குப் பிறகு நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை, கேட்கும் எண்ணமும் இல்லை. வண்டியைச் சாக்கு போட்டு மூடி வைத்துவிட்டு பஸ்ஸில் வேலைக்குப் போனேன். டவுன் பஸ் படி எனக்குக் கொஞ்சம் உயரம். யாராவது கை கொடுப்பார்கள், நான் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வேன். வண்டியைத் திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு தேறும் என்று கணவர் விசாரிக்க ஆரம்பித்திருந்தார்.

ஒரு நாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது சந்தில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. வீட்டுக்காரர் இறங்கினார். கூடவே ராஜபாளையத்திலிருந்து ஒரு எலெக்ட்ரீஷியன். ஆட்டோவில் நீளமான குழாய், கரி மூட்டை, உப்பு மூட்டை, வயர்ச் சுருள். அவர் வழக்கம்போலத் தெருவிலேயே நின்றுகொண்டு சொன்னார்.

"இன்னைக்கு லீவு போட முடியுமாம்மா? வண்டி நிக்கிற எடத்துல நீ இருந்தாத்தான் அளவு சரியா வரும்."

எலெக்ட்ரீஷியன் மெயின் போர்டைத் திறந்து பார்த்துவிட்டு வெளியே வந்து விவரம் சொன்னார். உள்ளே இருக்கும் பிளக்கிலிருந்தே வாசலுக்கு வயர் இழுத்துவிட்டால் செலவு கம்மி, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் அந்தப் பழைய வயர் மணிக்கணக்கில் இந்த லோடைத் தாங்காது. மீட்டரிலிருந்து கனமான வயரில் தனி லைன், அதற்கென்று ஒரு பிரேக்கர், கரண்ட் கசிந்தால் உடனே அணைந்துவிடும் ட்ரிப்பர், மழை படாத மூடி வைத்த பெட்டி என்று போட்டால் செலவு கூடும், நிம்மதியாக இருக்கலாம். வண்டிக் கம்பெனி மாட்டும் பெட்டியைக் கார் வாங்கினால் யோசிக்கலாம், ஸ்கூட்டருக்கு அது வீண் என்றார்.

வீட்டுக்காரர் ஒன்றே ஒன்று கேட்டார். "இதுல எதைப் போட்டா ஆளுக்கு ஒண்ணும் ஆகாது?"

எதைப் போட்டாலும் எர்த்தும் ட்ரிப்பரும் சரியாக இருக்க வேண்டும் என்றார் எலெக்ட்ரீஷியன்.

"அப்ப அதை மொதல்ல போடு. எம்புட்டு ஆனாலும் சரி. மத்ததெல்லாம் பொறவு."

செலவு விஷயத்தில் எனக்கும் அவருக்கும் தெருவில் வைத்தே ஒரு சின்ன வழக்கு நடந்தது. வண்டி என்னுடையது, நான்தான் தருவேன் என்றேன். வீடு என்னுடையது என்றார் அவர். கடைசியில் எர்த்தும் மெயின் போர்டும் அவர் கணக்கு, தனி லைனும் வாசல் பெட்டியும் என் கணக்கு என்று பிரித்துக்கொண்டோம். கூட்டிப் பார்த்தால் கம்பெனி பெட்டிக்குச் சொன்ன விலைக்குக் கீழேதான் வந்தது. அதிலும் மண்ணுக்கு அடியில் போன எர்த்துக்குத்தான் பெரும்பங்கு.

எர்த் குழியை அவரே தோண்டினார். எலெக்ட்ரீஷியன் ஆள் கூப்பிடுகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கடப்பாரையை எடுத்தவர், ஆள் இடுப்பளவு இறங்கியும் போதும் என்று சொல்லவில்லை. குழாயை நட்டு, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, ஒவ்வொரு தடவையும் தண்ணீர் ஊற்றிக் கையாலேயே அமுக்கினார். நான் மோர் கொண்டுவந்து கொடுத்தபோது வாங்கிக் குடித்தார். ஆனால் படியில் உட்காரவில்லை, எதிர்வீட்டு நிழலில் போய் நின்றுகொண்டார்.

பெட்டியை எங்கே மாட்டுவது என்ற பேச்சு வந்தது. வழக்கமான உயரத்தில் எலெக்ட்ரீஷியன் பென்சிலால் கோடு போட்டார். வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"நீ வண்டியில ஏறி உக்காரும்மா."

உட்கார்ந்தேன்.

"எறங்காம கைய நீட்டு."

நீட்டினேன். என் விரல் சுவரைத் தொட்ட இடத்தில் அவர் கரித்துண்டால் ஒரு கோடு கிழித்தார். "இங்க மாட்டு" என்றார்.

பெட்ரோல் பங்க் கதையை நான் அவரிடம் சொன்னதே இல்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஹெல்மெட்டைத் துடைப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

மதியம் வேலை முடியும் நேரத்தில் அவர் மனைவி பஸ்ஸில் வந்து இறங்கினார், கையில் தூக்குவாளியும் கேரியருமாக. தான் வரப்போவதை அவரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. அவர் ஒரு கணம் திகைத்துப் பார்த்தார். இரண்டு பேரும் அந்த வாசலைப் பார்த்தபடி பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

எலெக்ட்ரீஷியன் டெஸ்ட் லாம்ப் வைத்து எர்த் பார்த்தார், பல்பு பளிச்சென்று எரிந்தது. ட்ரிப்பரில் இருக்கும் சோதனைப் பொத்தானை அழுத்திக் காட்டினார். டக்கென்று அணைந்தது. வீட்டுக்காரர் இன்னொரு தடவை அழுத்தச் சொன்னார். பிறகு இன்னொரு தடவை. எலெக்ட்ரீஷியன் சலித்துக்கொள்ளாமல் அழுத்திக்கொண்டே இருந்தார். அவருக்கும் ஏதோ புரிந்திருக்க வேண்டும்.

பிளக்கைச் சொருகலாம் என்றதும் நான் கையை நீட்டினேன். வீட்டுக்காரர் என்னிடமிருந்து அதை வாங்கிக்கொண்டார். அவர் மனைவி முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் பிளக்கைச் சொருகி, சுவிட்சைத் தானே போட்டார். வண்டியில் பச்சை விளக்கு மின்ன ஆரம்பித்தது. பிறகு வண்டியின் பக்கச் சக்கரத்து இரும்பின் மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவே இல்லை.

எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று தெரியாது. சந்தில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள்.

"ஒண்ணும் செய்யல" என்றார் கடைசியில், மனைவியைப் பார்த்து.

அந்த அம்மா பக்கத்தில் போய், அவர் கையை இரும்பிலிருந்து மெதுவாக எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். "வாங்க. கையக் கழுவிட்டு ஒரு வாய் சாப்பிடலாம்" என்றார்.

இரண்டு பேரும் படியேறினார்கள். மகளை இழந்த பிறகு அந்த வீட்டுக்குள் அவர்கள் காலெடுத்து வைப்பது அதுதான் முதல் தடவை என்பதைச் சாப்பிடும்போது அந்த அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எலெக்ட்ரீஷியனையும் சேர்த்து எல்லோரும் முன்னறையில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். புளிக்குழம்பும் அப்பளமும். என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோதும் அவர்கள் இருந்தார்கள். அவள் புத்தகப் பையை அலமாரிப் பக்கத்து மூலையில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். அந்த அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவளும் இந்த மூலையிலதான் உக்காந்து படிப்பா" என்றார். சொல்லும்போது சிரித்தார். வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து என் மகளைக் கூப்பிட்டு, எர்த் குழிக்கு வெயில் காலத்தில் வாரம் ஒரு தடவை தண்ணீர் ஊற்ற வேண்டும், அது உன் பொறுப்பு என்று பட்டாளத்துக்காரர் தோரணையில் உத்தரவு போட்டார். அவளும் விறைப்பாக நின்று சரி என்றாள்.

இப்போது அவர்கள் மாதம் ஒரு தடவையாவது வருகிறார்கள். கோயிலுக்கு வந்தோம் என்பார்கள், வெண்டைக்காய் காய்த்துக் கிடக்கிறது என்பார்கள். வாடகையைக் கூட்டவில்லை. கரண்ட் பில் கொஞ்சம் ஏறியிருக்கிறது, பெட்ரோலுக்குக் கொடுத்ததோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. வீட்டில் சார்ஜ் போட எவ்வளவு ஆகும் என்று என்னிடம் விசாரிக்கிறவர்களுக்கு, எதில் குறைத்தாலும் எர்த்தில் குறைக்காதீர்கள் என்று சொல்கிறேன். ஏன் என்று கேட்டால் எல்லோரிடமும் முழுக் கதையைச் சொல்ல முடிவதில்லை. தன் மகளுக்குச் செய்யாமல் விட்டுப்போனதை, தன் நெஞ்சு வலிக்க வலிக்க, வாடகைக்கு வந்த ஒருத்திக்காகச் செய்துகொடுக்க அவருக்கு மனம் வந்ததே, அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் எனக்கு வந்திருக்குமா என்பதை இன்றும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.